பலகைத் துளையில் கட்டைவிரல்

ஓர் ஓவியர் தூரிகையும் வண்ணப்பலகையுமாக நிற்கும் உருவப்படத்தைப் பார்க்கிறவர்கள் முதலில் முகத்தைப் பார்ப்பார்கள். இந்தத் தொழிலில் இருக்கிற எங்களுக்குக் கண் நேரே கட்டைவிரலுக்குப் போகும். பலகையின் துளைக்குள் விரல் எவ்வளவு நுழைந்திருக்கிறது, பலகையின் பாரம் முன்கையில் இறங்குகிறதா, அப்போதைக்கு வேண்டாத தூரிகைகள் விரலிடுக்கில் விசிறிபோல் விரிந்து நிற்கின்றனவா, வெள்ளை எந்த ஓரத்தில் வைக்கப்பட்டிருக்கிறது என்பதையெல்லாம் பார்த்த பிறகுதான் முகத்துக்கு வருவோம். கலை வரலாற்று நூல்கள் இந்தக் கருவிகளுக்கு அகராதி போலப் பொருள் சொல்லிவிடுகின்றன: பலகை என்றால் ஓவியக்கலை, தூரிகை என்றால் படைப்பாற்றல், சங்கிலி என்றால் அரச மரியாதை. இந்தப் பொருள்கள் தவறு என்று நான் சொல்லவில்லை. அவை போதவில்லை என்கிறேன். படத்தில் உள்ள கருவியை அது இருக்கிற நிலையிலேயே வைத்து வேலை செய்ய முடியுமா என்ற கேள்வியைக் கேட்காதவரை அந்தக் கருவி வாய் திறப்பதில்லை. வேலை நடக்கக்கூடிய நிலையில் அது இருந்தால், ஓவியர் தன் கையுழைப்பையே பெருமையாக முன்வைக்கிறார். வேலை நடக்க முடியாத நிலையில் இருந்தால், வேறு எதையோ கோருகிறார். எதை என்பது அந்தப் பொருத்தமின்மையிலேயே எழுதப்பட்டிருக்கும்.

கருவிகள் ஏன் அந்த வடிவத்துக்கு வந்தன என்று தெரிந்தால்தான் இந்தக் கேள்வியைக் கேட்க முடியும். முட்டையின் மஞ்சள் கருவில் நிறத்தூளைக் குழைத்துத் தீட்டிய காலத்தில் கையில் பிடிக்கும் பலகைக்குப் பெரிய தேவை இல்லை. அந்த வண்ணம் சீக்கிரம் உலர்ந்துவிடும். சிப்பிகளிலும் சிறு கிண்ணங்களிலும் நிறங்களைத் தனித்தனியாக வைத்துக்கொண்டார்கள். ஆளிவிதை எண்ணெயில் குழைத்த வண்ணமோ நாள்கணக்கில் ஈரமாக இருக்கும். ஒரு நிறத்தை இன்னொன்றோடு இழைக்கலாம், அந்த இழைப்பை வைத்து வேலை செய்யலாம். எண்ணெய் வண்ணம் ஐரோப்பாவில் பரவிய 15-ஆம் நூற்றாண்டில்தான் கட்டைவிரல் துளையோடு கூடிய பலகை ஓவியர்களின் கைக்கு வந்தது. அதே ஈரம்தான் இன்னொரு கருவியையும் கொண்டுவந்தது. ஈரமான படத்தின்மேல் கையை ஊன்ற முடியாது. ஊன்றாமல் கண்ணிமையின் ஓரத்தையோ சரிகை இழையையோ தீட்டவும் முடியாது. அதற்காக முனையில் தோலோ துணியோ சுற்றி உருண்டையாகக் கட்டிய ஒரு மெல்லிய தாங்குகோலைப் படத்தின் விளிம்பில் சாய்த்து, அதன்மேல் மணிக்கட்டை வைத்துக்கொள்வார்கள். நம் ஊரில் கடைப் பலகைகளுக்கு எழுத்து எழுதியவர்களும் ஈரத்தில் கை படாமலிருக்க இப்படி ஒரு குச்சியை ஊன்றிக்கொண்டுதான் எழுதினார்கள். முகத்தின் தோல்நிறத்துக்கு ஈய வெள்ளை, மஞ்சள் காவி, சாதிலிங்கச் சிவப்பு, எலும்புக் கரி என்று நான்கைந்து நிறங்களே போதும். வெள்ளைக்குத்தான் செலவு அதிகம். அதனால் அது பெரிய குவியலாகக் கட்டைவிரலுக்குப் பக்கத்தில் இருக்கும். வண்ணத்தை அடைத்து விற்கும் தகரக் குழாய்க்கு ஜான் காஃப் ராண்ட் காப்புரிமை பெற்றது 1841-இல்தான். அதற்கு முன்பு பலகையில் இருந்த ஒவ்வொரு குவியலும் கல்லில் அரைத்த உழைப்பு.

அந்த உழைப்புதான் சிக்கலின் தொடக்கம். ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகளாக ஓவியர் ஒரு கைவினைஞர். சங்கத்தில் சந்தா கட்டுகிறவர், பொற்கொல்லருக்கும் சேணம் தைப்பவருக்கும் பக்கத்தில் வைத்து எண்ணப்படுகிறவர். கவிதையும் இசையும் கணிதமும் அறிவின் கலைகள் என்று உயர்ந்திருக்க, கையை அழுக்காக்குகிற வேலை கீழே இருந்தது. சிற்பி புழுதியிலும் வியர்வையிலும் நனைகிறான், ஓவியனோ நல்ல உடை அணிந்து அமர்ந்தபடி வேலை செய்கிறான் என்று லியோனார்டோ டாவின்சி வாதிட்டதன் பின்னணி இதுதான். மேலே ஏற விரும்பிய ஓவியர் தன் உருவப்படத்தில் என்ன செய்வார்? கருவியை மறைப்பார். மாட்ரிட்டின் பிராடோ அருங்காட்சியகத்தில் உள்ள ட்யூரரின் 1498-ஆம் ஆண்டுத் தன்னுருவத்தில் மெல்லிய தோல் கையுறைக்குள் இரண்டு கைகளும் ஒன்றோடொன்று கோத்து ஓய்வாகக் கிடக்கின்றன. வண்ணம் என்ற ஒன்று உலகில் இருப்பதற்கான தடயமே இல்லை. முதுமையில் வரைந்த தன்னுருவத்தில் ரூபன்ஸ் வாளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். லூவரில் இருக்கும் 1650-ஆம் ஆண்டுப் படத்தில் பூசான் கையில் ஒரு கோப்பு மட்டும் இருக்கிறது. அவருக்குப் பின்னால் சட்டமிட்ட கேன்வாஸ்கள் அடுக்கி நிற்கின்றன. கருவி இல்லாத இந்தப் படங்களையும் கருவியைப் பற்றிய படங்களாகவே நான் பார்க்கிறேன். இவற்றோடு சேர்த்துப் பார்க்கும்போதுதான், துணிந்து தூரிகையைக் கையிலெடுத்தவர்கள் எதைப் பணயம் வைத்தார்கள் என்பது விளங்கும்.

மிகப் பெரிய பணயம் வெலாஸ்கெஸ் வைத்தது. 1656-இல் அவர் வரைந்த ‘லாஸ் மெனினாஸ்’ மூன்று மீட்டருக்கும் அதிக உயரமுள்ள படம். ஸ்பெயின் அரசரின் அரண்மனையில், இளவரசியும் தோழியரும் நிற்கும் அறையில், தானும் ஒரு பெரிய கேன்வாஸின் முன்னால் நிற்பதாக அவர் வரைந்துகொண்டார். இடக்கையில் பலகை, வலக்கையில் நீண்ட தூரிகை, இடுப்பில் அரண்மனைப் பதவிக்குரிய சாவிகள். அந்தக் காலத்தில் அவர் ஏங்கியது சான்டியாகோ வீரர் அணியில் ஓர் இடத்துக்கு. கையால் வேலை செய்து பிழைப்பவருக்கு அந்த அணியில் இடம் கிடையாது. விண்ணப்பத்தின்மேல் நூற்றுக்கும் மேற்பட்ட சாட்சிகளை விசாரித்தார்கள். அவர் கடை வைத்துப் படம் விற்றதில்லை, அரசருக்காக மட்டுமே வரைந்தார் என்று சக ஓவியர்களே சாட்சி சொன்னார்கள். கடைசியில் 1659-இல் இடம் கிடைத்தது. அடுத்த ஆண்டே அவர் இறந்தார். படத்தில் அவர் மார்பில் தெரியும் சிவப்புச் சிலுவை பிறகு சேர்த்துத் தீட்டியது. இப்போது கையைப் பாருங்கள். பலகை சரியான சாய்வில் இருக்கிறது. தூரிகை பலகைக்கும் கேன்வாஸுக்கும் நடுவில் நிற்கிறது. நிறத்தைத் தொட்டுக்கொண்டு, படத்திலிருந்து ஓர் அடி பின்னால் வந்து, தலையைச் சற்றுச் சாய்த்து, வைக்கலாமா என்று பார்க்கிற அந்த நொடி எங்கள் வேலையில் ஒரு நாளைக்கு நூறு முறை வரும். வேலை செய்கிறவர் என்று தெரிந்தால் தகுதி போய்விடும் என்ற நிலையில், வேலை செய்கிற நொடியையே அரச குடும்பத்துக்கு நடுவில் வைத்தார் அவர். தூரிகை அங்கே வெறும் அடையாளச் சின்னமாக இருந்திருந்தால் அதை உயர்த்திப் பிடித்தால் போதும். சிந்தனைக்கும் கைக்கும் இடையில் அது காத்து நிற்பதால்தான், கை வேலையும் மூளை வேலைதான் என்ற வாதம் படத்துக்குள் வருகிறது.

இதற்கு ஓர் எளிய மறுப்பு உண்டு. தன்னை வரைகிறவர் கண்ணாடியைப் பார்த்து வரைகிறார். அப்போது கையில் தூரிகையும் பலகையும் இருக்கத்தானே செய்யும், தெரிந்ததை வரைந்துவிட்டார், இதில் பொருள் தேட என்ன இருக்கிறது? கேட்க நியாயமாகத் தோன்றும். கண்ணாடியைப் பார்த்து வரைந்த எவருக்கும் இது நிற்காது என்று தெரியும். வலக்கையால் வரைகிறவருக்குக் கண்ணாடி இடக்கையில் தூரிகையைக் காட்டும். பெரும்பாலான படங்களில் தூரிகை வலக்கையில் இருக்கிறது என்றால், தெரிந்ததை ஓவியர் மாற்றியிருக்கிறார் என்றுதான் பொருள். லண்டனின் கென்வுட் மாளிகையில் இருக்கும் ரெம்பிராண்டின் முதுமைக்காலத் தன்னுருவத்தை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது, அவர் முதலில் கண்ணாடி காட்டியபடியே கைமாறி வரைந்து, பிறகு அதை மூடிவிட்டு மாற்றித் தீட்டியது தெரிந்தது. மாற்றிய பின் கையை அவர் முடிக்கவே இல்லை. பலகை, தூரிகைகள், தாங்குகோல் மூன்றும் சேர்ந்த இடத்தில் விரல்களே இல்லை. அகலமான சில வீச்சுகள் மட்டும் இருக்கின்றன. கருவி எங்கே முடிகிறது, கை எங்கே தொடங்குகிறது என்று பிரித்துச் சொல்ல முடியாது. முகத்துக்கு அவ்வளவு பொறுமை காட்டியவருக்கு விரல்களை வரையத் தெரியாமலா போயிற்று? ஏறக்குறைய நாற்பதாண்டுக் காலம் அருகில் வாழ்ந்த இரண்டு பொருள்கள் ஒன்றாகிவிட்டதை அவர் அப்படியே விட்டார் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். எதிர்த்திசையில் இன்னொரு சான்று பிக்காசோ. 1906-இல் வரைந்த தன்னுருவத்தில் அவர் பலகையைப் பிடித்திருக்கிறார். மற்றொரு கையில் தூரிகை இல்லை. பலகை இருந்து தூரிகை இல்லாமல் வேலை நடக்காது என்பது அவருக்குத் தெரியாததல்ல. தெரிந்ததை வரைதல் என்ற விளக்கத்தை இந்த இரண்டு படங்களும் முறித்துவிடுகின்றன.

பெண் ஓவியர்களின் படங்களில் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. பாசெல் நகரில் உள்ள ஒரு சிறிய மரப்பலகைப் படத்தில், தன் பெயரையும் 1548 என்ற ஆண்டையும் 20 என்ற வயதையும் எழுதிவைத்துவிட்டு ஈஸலுக்கு முன்னால் அமர்ந்திருக்கிறார் கதரீனா வான் ஹெமஸன். ஈஸலின் முன் அமர்ந்து வேலை செய்யும் தன்னுருவங்களில் நமக்குத் தெரிந்த மிகப் பழைய படங்களுள் ஒன்று இது. அவர் தாங்குகோலின்மேல் கையை வைத்திருக்கிறார். எதிரே ஈஸலில் உள்ள படத்தில் ஒரு மூலையில் ஒரு தலை மட்டும் தொடங்கியிருக்கிறது. சில ஆண்டுகளில் சோஃபோனிஸ்பா அங்கிஸோலாவும் 1556 வாக்கில் அதே தாங்குகோலோடு தன்னை வரைந்தார். ஆண் ஓவியர்கள் மறைக்க விரும்பிய கருவியை இவர்கள் ஏன் இத்தனை துல்லியமாகக் காட்டினார்கள்? உழைப்பாளி என்று யாராவது தங்களைத் தாழ்த்திவிடுவார்கள் என்பது இவர்களின் முதல் கவலை அல்ல. இந்தப் படத்தை வரைந்தது நீதானா என்ற கேள்வியே முதல் கவலை. அந்தக் கேள்வி இருநூறு ஆண்டுகள் கழித்தும் ஓயவில்லை. அடலாயீட் லாபில்-கியார் 1783-இல் பாரிஸ் கலைக்கழகத்தில் சேர்ந்தபோது, அங்கே ஒரே சமயத்தில் நான்கு பெண்களுக்கு மேல் அனுமதி இல்லை. அவர் படங்களை ஓர் ஆண் ஓவியர்தான் திருத்தித் தருகிறார் என்ற வம்பும் கிளம்பியது. 1785-இல் அவர் இரண்டு மாணவியரோடு தன்னை ஆளுயரத்துக்கு வரைந்தார். அவர்கள் அவருக்குப் பின்னால் நிற்கிறார்கள்.

அந்தப் படத்தில் அவர் பளபளக்கும் பட்டு உடையும் இறகு வைத்த தொப்பியும் அணிந்திருக்கிறார். எண்ணெய் வண்ணத்தோடு பழகியவர் எவரும் அந்த உடையில் ஈஸலுக்குப் பக்கத்தில் போகமாட்டார். ஒரு சொட்டு பட்டால் பட்டு போயிற்று. அப்படியானால் இது நாடகம், வேலை செய்யும் நிலை என்ற உங்கள் உரைகல் இங்கே தோற்றுவிட்டது என்று ஒருவர் சொல்லலாம். தோற்கவில்லை. உரைகல் உடையையும் கருவியையும் தனித்தனியாகப் பிரித்துக் காட்டுகிறது. உடை வேலைக்கு ஆகாது. அது லியோனார்டோவின் பழைய வாதத்தையும், நான் யாருக்கும் குறைந்தவள் அல்ல என்ற செய்தியையும் சொல்கிறது. கருவிகளோ முழுக்க வேலைக்கு ஆயத்தமாக இருக்கின்றன. அவருடைய காலணியின் நுனி ஈஸலின் குறுக்குச் சட்டத்தில் ஊன்றியிருக்கிறது. நெடுநேரம் அமர்ந்து தீட்டும்போது உடல் தானாகத் தேடிக்கொள்ளும் ஊன்றல் அது. மாடலாக வந்து அமர்ந்த சீமாட்டிக்கு அது தோன்றாது. பட்டு ஒன்றைச் சொல்ல, காலின் நுனி இன்னொன்றைச் சொல்கிறது; இரண்டும் சேர்ந்ததுதான் அவருடைய வழக்கு. அவருக்கு ஒன்றரை நூற்றாண்டு முன்பு ஹார்லெம் நகரத்தில் ஜூடித் லேஸ்டர் இதையே செய்தார். வேலைக்கு உதவாத அகலமான சரிகைக் கழுத்துப்பட்டை; ஆனால் இடக்கையில் கொத்தாகத் தூரிகைகள். ஈஸலில் ஒரு பிடில்காரர் சிரிக்கிறார். அகச்சிவப்புக் கதிர்களால் ஆராய்ந்தபோது பிடில்காரருக்கு அடியில் ஒரு பெண்முகம் தெரிந்தது. முதலில் வரைந்த முகத்தை அழித்துவிட்டு, தன் கைக்கு இன்னொரு வகைப் படமும் வரும் என்று காட்ட பிடில்காரரை வைத்தார் என்று நினைக்கிறேன். இத்தனை செய்தும் அவர் இறந்த பிறகு படங்கள் பலவற்றை ஃப்ரான்ஸ் ஹால்ஸின் கணக்கில் எழுதிவிட்டார்கள். 1893-இல்தான் அவர் கையொப்பம் மீட்கப்பட்டது.

சின்னங்களின் அகராதிக்காரர்களுக்கு வலுவான ஆதாரம் ஆர்ட்டமீஸியா ஜென்டிலெஸ்கி. பிரித்தானிய அரச சேகரிப்பில் உள்ள, 1638-39 வாக்கில் வரைந்த ஓவியத்தில் அவர் ஓவியக்கலையே பெண்ணுருவமாக வந்ததுபோல் தன்னை அமைத்தார் என்பது பரவலான கருத்து. செஸாரே ரீப்பாவின் சின்னங்களின் அகராதி ஓவியக்கலைக்குச் சொல்லிய அடையாளங்கள் அதில் இருக்கின்றன: கலைந்த கருங்கூந்தல், நிறம் மாறி ஒளிரும் ஆடை, கழுத்துச் சங்கிலியில் முகமூடிப் பதக்கம். நூலில் இருப்பதை எடுத்து வைத்தார், இங்கே கைத்தொழிலுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். ரீப்பா சொல்லி, அவர் எடுக்காமல் விட்ட ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். ஓவியக்கலை பேசாத கலை என்பதால் அந்தப் பெண்ணின் வாயைத் துணியால் கட்டியிருக்க வேண்டும் என்கிறது நூல். ஆர்ட்டமீஸியா கட்டவில்லை. நூல் சொல்லாத ஒன்றையும் அவர் சேர்த்தார்: உடலின் சாய்வு. வலக்கை படத்தின் மேல்மூலைக்கு எட்டி நீள்கிறது. சட்டைக் கை முழங்கைவரை ஏறியிருக்கிறது. பலகை பிடித்த இடக்கை கீழே ஒரு மேடையில் ஊன்றித் தோளின் பாரத்தைத் தாங்குகிறது. மார்பு கேன்வாஸில் உரசும் அளவுக்கு நெருங்கி, தலையை ஒருபுறம் சாய்த்து, பார்வையாளரைக் கவனிக்காமல் அவர் வேலை செய்கிறார். பெரிய படத்தின் மேல்பகுதியைத் தீட்டும்போது தோளும் இடுப்பும் இப்படித்தான் முறுகும். மாலையில் அது வலியாகத் திரும்பி வரும். ஒரு கண்ணாடியால் இந்தக் கோணத்தைப் பார்க்கவும் முடியாது. சங்கிலி அகராதியிலிருந்து வந்தது, முழங்கை தொழிலிலிருந்து வந்தது. படம் இன்றும் உயிரோடு இருப்பது முழங்கையால்.

இந்த ஏக்கமும் வழக்கும் ஐரோப்பாவுக்கு மட்டும் உரியவை அல்லவா என்றால், மொகலாயர் அரண்மனை வேறொரு விதமாகப் பதில் சொல்கிறது. பாரசீகப் பண்பாட்டில் எழுத்துக்கலைக்குத்தான் முதலிடம். ஓவியம் அதற்குக் கீழே. அங்கே ஓவியர்களின் மதிப்பை உயர்த்த நினைத்தவர்கள் ஓர் அழகான வாதத்தைக் கண்டுபிடித்தார்கள்: கலம் என்னும் எழுதுகோல் இரண்டு வகை, ஒன்று தாவரத்திலிருந்து வரும் நாணல், மற்றொன்று விலங்கிலிருந்து வரும் மயிர். 1595-இல் அக்பருக்காக எழுதி முடித்த நிஜாமியின் ‘கம்ஸா’ சுவடி இன்று பிரித்தானிய நூலகத்தில் இருக்கிறது. அதன் இறுதிப் பக்கத்தில், பிறகு ஜஹாங்கீரின் ஆணையால், ஓவியர் தௌலத் ஒரு சிறு படத்தைச் சேர்த்தார். சுவடியை எழுதிய அப்துல் ரஹீமும் தௌலத்தும் எதிரெதிரே தரையில் அமர்ந்திருக்கிறார்கள். ஒருவர் எழுத, ஒருவர் வரைகிறார். அந்த எழுத்தாளருக்கு ‘அம்பரீன் கலம்’, அதாவது அம்பர் மணக்கும் எழுதுகோல் என்பது பட்டம். அவருக்குச் சமமான உயரத்தில் தௌலத் தன்னை அமர்த்திக்கொண்டார். இங்கே தாங்குகோல் இல்லை, ஈஸல் இல்லை, தேவையும் இல்லை. நீரில் குழைத்த வண்ணம் உடனே உலரும், தாள் முழங்காலின்மேல் கிடக்கும், அணில் வால் மயிர்த் தூரிகை ஒற்றை இழை தீட்டும். கருவி வேறு, உட்காரும் முறை வேறு. நாணலும் மயிரும் ஒரே வேலையைச் செய்கின்றன என்ற வாதத்தை இரண்டு கைகளும் செய்துகாட்டுகின்றன. காங்க்ரா கலம், பஹாடி கலம் என்று ஓவிய மரபுகளுக்கே கருவியின் பெயர் நிலைத்துவிட்டது.

திரும்பவும் பலகைக்கு வருகிறேன், ஏனென்றால் அதில் வேறு எந்தப் பொருளுக்கும் இல்லாத ஒரு தன்மை இருக்கிறது. உருவப்படத்தில் உள்ள பட்டு பட்டு அல்ல, தோல் தோல் அல்ல, சங்கிலியில் பொன் இல்லை, எல்லாம் வண்ணம். பலகைமேல் இருக்கும் வண்ணக் குவியல் மட்டும் வண்ணமாகவே இருக்கிறது. அதைத் தீட்டும்போது ஓவியர் எதையும் போலச் செய்வதில்லை, வைக்கிறார், அவ்வளவுதான். வான்கோ 1888-இன் தொடக்கத்தில் பாரிஸில் முடித்த தன்னுருவத்தில் இதை உச்சத்துக்குக் கொண்டுபோனார். பலகையில் சிவப்பும் பச்சையும், மஞ்சளும் ஊதாவும், நீலமும் ஆரஞ்சும் கலக்காமல் கட்டியாக நிற்கின்றன. அவற்றை அப்படியே எடுத்துத் தாடியிலும் சட்டையிலும் வைத்திருக்கிறார். பலகையைப் பார்த்துவிட்டு முகத்தைப் பார்த்தால் எந்தக் குவியல் எங்கே போனது என்று கணக்குச் சொல்லலாம். ஹோகார்த் நேர்மாறு. 1745-இல் நாயோடு வரைந்த தன்னுருவத்தில் பலகைமேல் வண்ணம் ஒரு துளியும் இல்லை. ஒரு நெளிகோடும், அது அழகின் கோடு என்ற எழுத்தும் இருக்கின்றன. அந்தப் பலகையால் எதையும் தீட்ட முடியாது. அது ஒரு கொள்கையின் விளம்பரம், எட்டு ஆண்டு கழித்து அந்தக் கொள்கையை அவர் நூலாகவே எழுதினார். இரண்டு பலகைகளையும் நான் மதிக்கிறேன். ஆனால் முன்னதைப் பார்க்கும்போது விரல் தானாகத் தூரிகையைத் தேடுகிறது.

கட்டைவிரலே இல்லாத ஒரு பலகையும் இருக்கிறது. அனிபாலே கராச்சி 1604 வாக்கில் வரைந்த ஒரு சிறிய படம், செயின்ட் பீட்டர்ஸ்பர்க் ஹெர்மிடாஜில் உள்ளது. ரோமில் பெரும் கூடமொன்றின் கூரையைத் தீட்டி முடித்து உடைந்துபோயிருந்த காலம் அவருக்கு; அதற்குப் பிறகு அவர் ஏறக்குறைய தீட்டவே இல்லை, 1609-இல் இறந்தார். இருண்ட அறையில் ஓர் ஈஸல். அதன்மேல் அவருடைய முகம் ஒரு கேன்வாஸாகச் சாய்ந்து நம்மைப் பார்க்கிறது. பின்னால் சன்னல் வெளிச்சத்தில் யாரென்று தெரியாத ஒரு நிழல். ஓவியர் அறையில் இல்லை. ஈஸலின் பக்கத்து முளையில் பலகை தொங்குகிறது, துளை வெறுமையாக.